நாலாம் நம்பர் கோடு

ஓசூரில் கம்பெனிச் சங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஷிப்டுக்கு ஒரு சங்கு, இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு சங்கு. அதை வைத்துத்தான் நம் அம்மாக்கள் உலை வைத்தார்கள். உங்கள் அப்பாவும் என் அப்பாவைப் போல நீலச் சட்டையில், கட்டிங் ஆயில் வாசனையோடு வீடு திரும்பியவராக இருக்கலாம். அப்படியென்றால் நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தெரியும். மீதிப் பாதி எனக்கே சில வாரங்களுக்கு முன்புதான் தெரிந்தது. இன்னும் ஆறவில்லை.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஓடுகிறாள். விடியும் முன்பே எழுந்து, மத்திகிரிப் பனியில் காதைத் துணியால் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகிற பெண். அடுத்த வருடம் பத்தாவது. கவலைப்படுவது என் சுபாவம்; காய்ச்சல் வருவதற்கு முன்பே மாத்திரை வாங்கி வைக்கிறவள் நான். அதனால் அவளோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தேன். இந்த முறை உள்ளரங்கப் போட்டியில் மெடல் வந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அந்தச் சரியில் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது.

எங்களோடு இருக்கும் அப்பா, கிளம்புகிற அன்று அவளிடம் சொன்னார்: "போய்ட்டு வா கண்ணு. ஆனா நம்ம வீட்டுக்கு ஓட்டம் வராது. உங்கம்மாவும் இப்படித்தான் ஆசப்பட்டா. கடைசி வளைவுல மூச்ச வுட்டுட்டா."

இதை அவர் சொல்வது முதல் தடவை இல்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொல்லிச் சிரித்தார். நானும் ஒவ்வொரு முறையும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றும் சிரித்தேன்.

போட்டி நடந்த ஊருக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கூரை போட்ட மைதானம் என்றால் நம்ம ஊர் கல்யாண மண்டபத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். அவ்வளவு வெளிச்சம், ஆனால் வெயில் இல்லை. காற்று அசையவில்லை. வட்டம் இருநூறு மீட்டர்தான், வெளி மைதானத்தில் பாதி. வளைவுகளில் தரை சாய்ந்து உயர்ந்து நின்றது, மேம்பாலத்தில் லாரி திரும்புகிற இடம் போல. நடுவில் நேராக அறுபது மீட்டர்ப் பாதை. அது முடிகிற இடத்தில் சுவர் முழுக்க மெத்தை. ஓடி வருகிற பிள்ளைகள் நிற்க முடியாமல் அந்த மெத்தையில் போய் மோதித் திரும்பினார்கள். உள்ளே விடுமுன் ஷூவின் அடியில் இருக்கும் ஆணிகளைக்கூட ஓர் ஆள் அளந்து பார்த்தார். நீளம் அதிகமானால் தரை கெட்டுவிடுமாம்.

என் மகளுக்கு இருநூறு மீட்டர், அதாவது ஒரே ஒரு சுற்று. ஓடுகிற பாதையாக, வட்டத்தின் உள்ளோரத்தில், ஒண்ணாம் நம்பர் கோடு கொடுத்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒண்ணாம் நம்பர் அல்லவா.

ஆறு பெண்களும் இடத்தில் வந்து நின்றார்கள். என் மகள் எல்லாருக்கும் பின்னால். அவளுக்கு அடுத்த கோட்டுப் பெண் கொஞ்சம் முன்னால், அதற்கடுத்தவள் இன்னும் முன்னால். ஆறாம் கோட்டுப் பெண் வளைவில் பாதியிலேயே போய் நின்றுகொண்டிருந்தாள். எழுந்து நின்று கத்தினேன்: "ஏங்க, அந்தப் பொண்ணு முன்னாடி போயி நிக்குது. ஒரே கோட்டுல நிக்க வெய்யுங்க."

தமிழ் தெரியாத ஊர். ஆனாலும் அத்தனை பேரும் திரும்பினார்கள். கீழே என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒரு பெண்மணி, இன்னொரு பிள்ளையின் அம்மா, என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உக்காருங்க அக்கா. நல்ல வேள, போலீஸ்ல எழுதிக் குடுக்காம வுட்டீங்க."

"என்னாங்க இது, கண்ணு முன்னாடியே ஏமாத்தறாங்க."

"ஏமாத்தல. வெளி வட்டம் பெருசு இல்லீங்களா. எல்லாத்தையும் ஒரே கோட்டுல நிறுத்தினா வெளியில ஓடுற புள்ள சும்மா கூட ஓடணும். அதுக்குத்தான் தள்ளித் தள்ளி நிக்க வெக்கறாங்க. முடியறது எல்லாருக்கும் ஒரே எடம்."

"அப்ப ஒண்ணாம் நம்பர்?"

"அது ஒருத்தருக்கும் புடிக்காது. வளைவு இறுக்கமா இருக்கும், காலு திரும்பாது. நல்லா ஓடுறதுங்களுக்கு அஞ்சும் ஆறும் குடுப்பாங்க. டிவியில பாத்ததே இல்லீங்களா?"

பார்த்ததில்லை. ஓட்டப்பந்தயம் வந்தால் சேனலை மாற்றுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. மகளின் போட்டிகளிலும் நூறு மீட்டர் நேர் ஓட்டத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு.

துப்பாக்கி வெடித்தது. பெண்கள் ஓடினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. வெளி வட்டம் பெருசு என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். மஞ்சள் பெயிண்ட் வாசனை வந்தது.

நான் ஏழாவது படித்த வருடம். அப்பா ஒரு கம்பெனியின் டூல்ரூமில் இன்ஸ்பெக்டர். தேய்த்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பது அவர் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் சிவப்பு அட்டை கட்டித் தள்ளிவிடுவார். வீட்டில் அம்மா போடுகிற சப்பாத்தியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் தடிப்பு" என்பார். "அப்ப அந்தப் பக்கத்த நீங்க சாப்புடுங்க" என்பாள் அம்மா.

வருடா வருடம் கம்பெனி விளையாட்டு விழா வெளி மைதானத்தில் நடக்கும். பிள்ளைகளுக்கு நூறு மீட்டர், நேர் ஓட்டம். அதற்கு முந்தின இரண்டு வருடமும் நான்தான் முதல். அந்த வருடம் ஒரு விசேஷம் இருந்தது. ஜெயிக்கிற பெண்ணைக் கோடை விடுமுறையில் பெங்களூரில் ஓட்டப் பயிற்சி முகாமுக்குக் கம்பெனியே அனுப்பும், ஷூவும் வாங்கித் தரும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். ஒரே ஒரு இடம். எனக்கு அதுவரை ஷூ என்றால் பள்ளிக்கூடக் கறுப்பு ஷூ மட்டும்தான். தினமும் அப்பா வந்ததும், "இன்னும் எத்தன நாள் இருக்குதுப்பா" என்று கேட்டே அவரைக் களைக்க வைத்தேன்.

ஐப்பசி மழை விடவில்லை. மைதானம் சேறாகிவிட்டது. விழாவைத் தள்ளிப்போட முடியாது, சீஃப் கெஸ்டுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. வெல்ஃபேர் ஆபீசருக்கு ஒரு யோசனை வந்தது. புது ஷெட் ஒன்று கட்டி முடித்து மெஷின் வராமல் காலியாகக் கிடந்தது. அங்கேயே வைத்துவிடலாம் என்றார்.

அந்த ஷெட்டை இன்னும் என்னால் நினைத்த மாத்திரத்தில் முகர முடியும். ஈரச் சிமெண்ட், புதுத் தகரம், ஒரு மூலையில் கேன்டீன்காரர் போடுகிற மிளகாய் பஜ்ஜி. கூரையில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெறுங்காலில் நடந்தால் தரை ஜில்லென்று உள்ளங்காலில் ஒட்டும். நடுவில் மெஷின் இறக்குவதற்குக் குழிகள் தோண்டி, மேலே பலகை போட்டிருந்தார்கள். அதனால் நேராக ஓட வழியில்லை. குழிகளைச் சுற்றித்தான் ஓட வேண்டும். ஒரு முழுச் சுற்று.

ஷெட்டுக்குள் ஆள் நடக்கும் வழிக்கு மஞ்சள் கோடு போடுகிற பெயிண்டர் ஒருவர் இருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர் இரண்டு நாள் குந்தி உட்கார்ந்து நான்கு பாதைகளுக்குக் கோடு போட்டார். ஒவ்வொன்றும் சரியாக ஒரு மீட்டர் அகலம், கயிறு பிடித்தது போல. பந்தயத்துக்கு முந்தின நாள் அப்பாவோடு அங்கே போயிருந்தேன். ஸ்டோர்ஸ் ஆள் பெயிண்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கோட்டுக்கும் ஒரே மாதிரிதான பெயிண்ட் குடுத்தேன்? எப்படிய்யா பத்தல?"

"ஸார், உள்ள கோட்டுக்கு ஒந்து டப்பா, ஒண்ணே ஒண்ணு, சரியா ஆய்த்து. வெளி கோட்டுக்கு காலு டப்பா ஜாஸ்தி புடிக்குது. நானு குடிச்சிட்டேனா?"

"குடிச்சாலும் குடிச்சிருப்ப. மூஞ்சியப் பாரு, மஞ்சளா இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும்தான். அந்தக் கால் டப்பாவுக்கு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வெளிக் கோட்டுக்கு ஏன் பெயிண்ட் அதிகம் பிடிக்கிறது என்று, அளவெடுப்பதையே தொழிலாகச் செய்கிற அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெண்கள் ஓட்டத்துக்கு நான்கு பேர். வெல்ஃபேர் ஆபீசர் மைக்கில் பெயர் வாசித்துக் கோடு ஒதுக்கினார். ஒண்ணாம் நம்பர், ஒர்க்ஸ் மேனேஜர் மகள். இரண்டு, அக்கவுண்ட்ஸ் ஆபீசர் மகள். மூன்று, சூப்பர்வைசர் மகள். நாலாம் நம்பர், கடைசி வெளிக் கோடு, நான். எங்கள் வயதை வைத்தோ வேகத்தை வைத்தோ ஒதுக்கவில்லை, எங்கள் அப்பாக்களின் கிரேடை வைத்து. கேன்டீனில் ஃபேனுக்குக் கீழே யார், தண்ணீர்த் தொட்டி பக்கம் யார் என்பது போல. ஒண்ணாம் நம்பர் என்பது மரியாதை. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். யாரும் சதி செய்யவில்லை. இன்றைக்கு என் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் காரணம். சதி என்றால் யாரோ ஒருவரைத் திட்டலாம். இவர்கள் மரியாதை செய்தார்கள். அந்த மரியாதை தானாகவே குறுக்கு வழியாகிவிட்டது.

நால்வரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். சட்டையில் ஊக்கு குத்திய துணியில் நாலு என்று எழுதியிருந்தது. மேனேஜர் மகள் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். என்னைப் பார்த்து, "தரை வழுக்குமா?" என்று கேட்டாள். "வெறுங்காலுக்கு வழுக்காது" என்றேன். நல்ல பெண். அவள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

கேட் வாட்ச்மேன் விசில் ஊதினார். முதல் வளைவிலேயே அவள் எனக்கு எங்கோ முன்னால் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கால்கள் எப்போதும் போலத்தான் ஓடின, எப்போதையும் விட வேகமாகத்தான் ஓடின. நேர்ப்பாதையில் அவளை நெருங்கினேன். மறுபடி வளைவு வந்ததும் அவள் விலகிப் போனாள். யாரோ தரையைப் பிடித்து அவள் பக்கம் இழுப்பது போல இருந்தது. கடைசியில் மூன்று தப்படி வித்தியாசம். நான் இரண்டாவது.

முடிகிற இடத்தில் அப்பா ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கும் டைம் ஸ்டடிக்கு வைத்திருந்த, எவர்சில்வர் மூடி போட்ட கடிகாரம். கம்பெனியில் அதைத் துல்லியமாக அழுத்தத் தெரிந்தவர் அவர்தான். என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குப் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. பச்சை நிறம், மூடியில் ரோஜாப்பூ. திரும்பும்போது மழையில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கடைசி வளைவுல மூச்ச வுட்டுட்ட. ஓட்டம் உனக்கு வராதும்மா. படிப்பப் பாரு."

அளவெடுக்கிறவர் சொன்னால் அளவு சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் வேறு என்ன நினைப்பாள்?

மேனேஜர் மகள் அந்தக் கோடையில் பெங்களூர் போனாள். பத்தே நாளில், கால் வலிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டாள். அந்த இடம் காலியாகவே கிடந்தது. இரண்டாவது வந்தவளை அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் பள்ளியில் பெயர் கொடுப்பதை நிறுத்தினேன். பி.டி. பீரியடில் வயிற்றுவலி என்று வகுப்பில் உட்கார்ந்தேன். அந்தச் சோப்பு டப்பா எங்கள் குளியலறையில் பல வருடம் இருந்தது. தினமும் அதைத் திறந்துதான் முகம் கழுவினேன். அது உடைந்த பிறகும் மூடியை மட்டும் அம்மா ஊக்கு போட்டு வைக்க வைத்திருந்தாள். வீடு மாறியதில் அதுவும் போயிற்று.

உள்ளரங்கத்தில் என் மகள் ஐந்தாவதாக வந்தாள். மேலே ஏறி வந்து என் பக்கத்தில் உட்காரவில்லை, ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தாள். நான் கத்தியதற்குக் கோபம். கடைசி வளைவில் அவள் தடுமாறியதாக ஊத்தங்கரைப் பெண்மணி சொன்னார். என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. கடைசி வளைவுல மூச்ச வுட்டுட்ட. போன வருடம் பள்ளி விழாவில், வளைவே இல்லாத நேர் ஓட்டத்துக்கு, இதே வார்த்தைகளை அவளிடம் நான் சொல்லியிருக்கிறேன். அன்று அதை விழுங்கிக்கொண்டேன்.

ரயிலிலும் ஓர் இருக்கை விட்டே உட்கார்ந்தாள். அரை நாள் கழித்துத்தான் பேசினாள்.

"மெடல் வரல. நிறுத்திடட்டுமா?"

"வேணாம்."

"ஒப்பந்தம்?"

"அது தப்பா போட்டது."

"பத்தாவது?"

"அதையும் படி. ரெண்டும் பண்ணு." பிறகு, "ஒண்ணாம் நம்பர் வளைவு அவ்ளோ கஷ்டமா?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஓர் இருக்கையைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, அந்த ஷெட் பந்தயம் ஞாபகம் இருக்குதா? மஞ்ச பெயிண்ட்."

"இருக்குது."

"வெளிக் கோடு நீளம் ஜாஸ்திப்பா. நான் அவளவிட அதிகமா ஓடியிருக்கேன்."

அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கணக்குப் போட்டுப் பார்ப்பார், தலையில் அடித்துக்கொள்வார், இப்படி ஏதோ. அவர் பேப்பரை மடித்தார்.

"பதினெட்டு மீட்டர் எண்பத்தஞ்சு சென்டி" என்றார்.

காபியை அவர் முன்னால் வைத்தேன்.

"எப்பத் தெரியும்?"

"பந்தயம் முடிஞ்ச திங்கக்கெழம. அந்தப் பெயிண்டரு கால் டப்பா, கால் டப்பான்னு பொலம்பிக்கிட்டே இருந்தான். என்னடா இவன்னு, டீ டைம்ல டேப்பு வெச்சுப் பாத்தேன்."

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"வெல்ஃபேர் ஆபீசர்கிட்ட சொன்னேன். 'புள்ளைங்க வெளையாட்டுக்கெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டாய்யா'ன்னு சிரிச்சாரு. மேனேஜரு மக விஷயம். இன்ஸ்பெக்டரா வேலைய நிரந்தரமாக்கற கன்ஃபர்மேஷன் ஆர்டர் எனக்கு அப்ப வரல. வுட்டுட்டேன்."

"அவர்கிட்ட வுட்டது சரி. என்கிட்ட?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சொன்னா, ஏன் போயி கேக்கலன்னு கேப்ப."

நண்பர்களே, ஆர்டருக்காக அவர் வாயை மூடியது எனக்குப் புரிகிறது. அந்த ஆர்டரில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்றை விழுங்கித்தான் சோறு வந்திருக்கும். அதை நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, நீ தோற்கவில்லை என்று என் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். நான் யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன். அதைச் செய்யாதது மட்டுமில்லை. தப்பென்று தன் கையாலேயே அளந்து பார்த்த ஒன்றை, அதன் பிறகும் வேடிக்கைக் கதையாக இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கல்யாணத்தில் சொன்னார். என் பெண்ணிடம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் போலிருக்கிறது. சிவப்பு அட்டை கட்ட வேண்டியது பந்தயத்துக்கு. அதை என் கழுத்தில் கட்டிவிட்டார்.

குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு என் மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"தாத்தா, அப்ப அம்மா ஜெயிச்சாங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்ப ஏன் எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

அவர் பேப்பரை மறுபடி விரித்தார். தலைகீழாக இருந்தது. அவள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார். "இப்ப என்னைய என்னா பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் வேணாம். அவளுக்கு ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரில ஓட்டம். வந்து பாருங்க. இதுவரைக்கும் ஒண்ணுக்காச்சும் வந்திருக்கீங்களா?"

வந்தார். பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில், பழைய நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை கனத்துத் தொங்கியது. என்ன என்று நான் கேட்கவில்லை.

அது வெளி மைதானம், மண் தரை, சுண்ணாம்புக் கோடு. கூரையும் இல்லை, மெத்தையும் இல்லை. மாங்கூழ்த் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றில் புளிப்பு வாசனை வந்தது. அன்றும் இருநூறு மீட்டர். பிள்ளைகள் காலை உதறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பார்த்தேன், அப்பாவைக் காணோம். வளைவில் இருந்தார். குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து எடுத்த ஸ்டீல் டேப்பை உள்கோட்டில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு நடுவர் விசிலோடு அவரை நோக்கி ஓடினார்.

"பெரியவரே, ட்ராக்குல என்ன பண்றீங்க? எந்திரிங்க."

"ஒரு நிமிஷம் தம்பி. வெளிக் கோட்டுக்காரி எவ்ளோ முன்னாடி நிக்கணும்னு பாக்கறேன்."

"அதெல்லாம் நாங்க அளந்தாச்சு."

"இருக்கட்டும். இன்னொரு தடவ அளந்தா கொறஞ்சிடாது."

பார்வையாளர்கள் பக்கம் சிரித்தார்கள். ஆறாம் நம்பர் கோட்டில், எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்த என் மகள், முகம் சிவந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அம்மா, தாத்தாவக் கூப்புடு.

நான் எழுந்திருக்கவில்லை. அளக்கட்டும்.